நீங்க இட்டுனு வந்தீங்க, அதான் குடுத்தோம்

இந்த ஆண்டு பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாலைப் பாடசாலையில் படித்து வளர்ந்த பெண் ஒருத்தி ஒரு உதவி கேட்டு வந்தாள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு காலனி அவளுடையது. இப்போது எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு.

"அண்ணா, புராஜெக்டுக்கு அறுபது பேர்கிட்ட ரத்தம் எடுக்கணும். நம்ம காலனியிலயே எடுத்துடுன்னு கைடு சொல்றாங்க. நான் மட்டும் போனா, இன்னாத்துக்கு ரத்தம், யாருக்குக் குடுக்கப் போறேன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீங்கல்லாம் கூட வந்தா ஒண்ணும் கேக்காம குடுப்பாங்க."

வழக்கமாக இப்படிக் கூப்பிட்டால் உடனே கிளம்பிவிடுவோம். சாதிச் சான்றிதழோ, கல்லூரிச் சேர்க்கையோ, காவல் நிலையமோ, எதற்குக் கூப்பிட்டாலும் போகிறவர்கள்தான் நாங்கள். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. "ஒண்ணும் கேக்காம" என்று அவள் சொன்ன சொல் எங்களைச் சுட்டது. அதற்குக் காரணம் சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் செய்த ஒரு தவறு. அதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இளம் தோழர்கள் இதே இடத்தில் வந்து நிற்கப் போகிறீர்கள் என்பதால் இப்போது எழுதுகிறோம்.

அப்போது பூந்தமல்லி பக்கம் ஒரு காலனியில் இலவச மருத்துவ முகாம் நடத்த ஒரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை, தவறில் பாதி எங்களுடையது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். கூடவே பரம்பரை நோய் ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் ரத்தம் அதிகமாக எடுத்துக்கொள்வார்கள். நல்ல காரியம்தானே என்று இரண்டு நாள் வீடு வீடாகக் கூட்டிப்போனோம். ஒப்புதல் படிவம் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். சாதி என்ற இடத்தை எல்லாப் படிவத்திலும் ஒரே கையெழுத்தில் அவர்களே நிரப்பி வைத்திருந்தார்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு ஸ்டாம்ப் பேடைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்களில் ஒருவர். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாரும் முழுதாகப் படிக்கவில்லை. சிலருக்குச் சர்க்கரை அளவு எழுதிய சீட்டு வந்தது. அத்தோடு முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து அந்தக் காலனி ஆயா ஒருவர் கேட்டார். "இன்னாப்பா, அன்னிக்கு எடுத்தாங்களே ரத்தம், அதுல இன்னா தெரிஞ்சுதாம்?"

"தெரியல ஆயா."

"உங்களுக்கே தெரியலையா? நீங்க இட்டுனு வந்தீங்க, அதான் குடுத்தோம்."

அதில் கோபமே இல்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அந்தக் கல்லூரிக்குப் போனோம். ஆய்வை நடத்தியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மாதிரிகள் உறைபெட்டியில் பத்திரமாக இருக்கின்றன என்றார்கள். எந்த ஆய்வுக்கு, யாருக்குப் பகிரப்பட்டது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. படிவத்தின் நகலைக் கேட்டோம். ரத்தம் கொடுத்தவர்கள்தான் கேட்கலாம், அதுவும் மாதிரி எண்ணைச் சொல்லித்தான் கேட்கலாம் என்றார்கள். அந்த எண்ணை யாருக்கும் கொடுத்திருக்கவே இல்லை.

எனவே இந்தப் பெண் வந்து கேட்டபோது, "மூணு வாரம் டைம் குடு" என்றோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம், படித்தோம். இரண்டு பக்கமும் காரசாரமாகவே பேசினோம்.

வேண்டாம் என்ற தோழர்கள் எழும்பூரிலிருந்து ஆரம்பித்தார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அளவுக் கருவியோடு சென்னை மாகாணம் முழுக்கச் சுற்றி மூக்கையும் மண்டையோட்டையும் அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' அவருடையது. காவல்துறை அதிகாரிகளுக்கும் இந்த அளவெடுக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். அதே காலத்தில் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சாதி தாழ்ந்துகொண்டே போகும் என்று ஒரு விதியையே எழுதினார். அளக்கப்பட்டவர்கள் நம் பாட்டன்மார். அந்த அளவைக் கொண்டு என்ன எழுதலாம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2022இல் ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் இந்தியர்களின் "இனத் தூய்மை"யைக் கண்டறிய டி.என்.ஏ. கருவிகள் வாங்கப்போவதாக ஒரு நாளிதழில் செய்தி வந்தது. அமைச்சகம் மறுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் வரலாற்றாய்வாளர்களும் அப்படி ஒரு முயற்சியே கூடாது என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவிலான மரபணு ஆய்வுகளின் அட்டவணைகளில் அவர்கள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள். ரத்தக் குப்பியில் "இருளர்" என்று எழுத ஒரு நிமிடம் போதும். அதே இருளர் வீட்டுப் பிள்ளை சாதிச் சான்றிதழ் வாங்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்பது கூடப்போன நமக்குத் தெரியும்.

வேண்டும் என்ற தோழர்கள் அம்பேத்கரிலிருந்து ஆரம்பித்தார்கள். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவராக அவர் படித்த கட்டுரை அகமணம்தான் சாதியின் அடித்தளம் என்றது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து மரபணு ஆய்வும் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தது. 2013இல் ஐதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனமும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் 73 குழுக்களைப் பார்த்தது. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். ஒதுங்கி வாழ்ந்த குழுக்களிடமும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு கலப்பு நின்றுபோகிறது. அதாவது தூய ரத்தம் என்று யாரிடமும் கிடையாது, கலந்திருந்த மக்களை இடையில் வந்த ஒரு தடை பிரித்தது. அம்பேத்கரும் அறிவியலை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. 1948இல் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் நினைவுக்குக் காணிக்கையாக்கிய 'தீண்டப்படாதார்' நூலில், அதே மூக்களவுக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டே, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வெவ்வேறு இனம் என்ற கதையை உடைத்தார்.

ஆனால் கணக்கை யார் விளக்குகிறார்கள் என்பது இங்கேயும் வந்து நிற்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வு 2012இல் வந்தது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 சாதிகளைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். இந்தக் குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு சாதி அமைப்புக்கு முன்பே, வேளாண்மை பரவிய காலத்தில் உருவானது என்பது அவர்களின் முடிவு. ஆய்வாளர்கள் அதை வரலாறாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் "சாதி இயற்கையாவே இருந்தது, பார்ப்பனர் கொண்டு வரல, ரத்தத்துலயே இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட எவ்வளவு நேரம் ஆகும்? அப்போது பதில் சொல்ல வேண்டியது யார்? மாதிரி கொடுத்த அந்த 1,680 பேரிடம் யாராவது திரும்பிப் போய், உங்கள் ரத்தத்தில் இதைப் பார்த்தோம், இப்படி எழுதியிருக்கிறோம் என்று உட்கார்ந்து பேச வேண்டாமா?

இரண்டாவது ஞாயிறு அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, ஏன் இந்தப் புராஜெக்ட் என்று கேட்டோம். அவள் அக்காவைத் தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு குழந்தை பிறந்து, இரண்டும் ஒரு வயது தாண்டவில்லை. "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் ஆவும்னு சொல்லி அனுப்பிட்டாங்கண்ணா. இன்னா நோயின்னு ஒரு சீட்டுல கூட எழுதித் தரல. அதைத்தான் நான் தேடறேன்" என்றாள்.

அவள் தேடுவது வெறும் ஆசை இல்லை. சில நூறு குடும்பங்களிலிருந்து பெருகிய ஒரு குழு தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே மணம் முடித்தால், முன்னோர் ஒருவரிடம் இருந்த பழுதான மரபணு பலரிடமும் பரவிக்கிடக்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அதே பழுது வந்து சேரும்போது நோய் வெளிப்படுகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81 குழுக்களுக்கு இந்த நிலை பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் கடுமையாக இருக்கிறது என்றது. வைசியர்கள் சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மயக்க மருந்து ஆகாது என்பது மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததால் அறுவை சிகிச்சை மேசையில் உயிர் பிழைக்கிறது. நம் காலனிக் குழந்தைகளின் நோய்க்குப் பெயர் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், யாரும் தேடவில்லை என்பது. முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த நோய் பெயர் இல்லாமலேயே இருந்துவிடும்.

உடம்பைக் கொடுத்து உலகத்துக்கு உதவியது நமக்குப் புதிதும் இல்லை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைப் பாதி வீட்டிலும் பாதி சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. குடிசையில் இருந்தாலும் மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் குணமாகும் என்று 1959இல் நிரூபணமானது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையே மாறியது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனைக்கு லட்சக்கணக்கானவர்கள் கையை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுப்பதில்லை என்று அதிலிருந்துதான் தெரிந்தது. நம் தாத்தா பாட்டிகள் கையில் இருக்கும் தழும்புக்கு அப்படியும் ஒரு வரலாறு உண்டு. பாடப் புத்தகத்தில் ஆய்வின் பெயர் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

மூன்றாவது ஞாயிறு வேங்கைவயலைப் பற்றிப் பேசினோம். அது ஆராய்ச்சி இல்லை, குற்ற வழக்கு. ஆனால் ரத்தம் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் நம் காலத்தில் இல்லை. 2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அடுத்த மாதம் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2023 ஏப்ரலில் 11 பேரின் டி.என்.ஏ. மாதிரி கேட்டார்கள். மூன்று பேர் கொடுத்தார்கள். வேங்கைவயல் மக்கள் எட்டுப் பேர் மறுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த எங்களையே குற்றவாளி ஆக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு நீதிமன்றம் சொல்லி அவர்களும் கொடுத்தார்கள். மொத்தம் 31 பேரிடம் எடுத்தார்கள். யாருடையதும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அதே வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களின் பெயர் இருந்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. சி.பி.ஐ. விசாரணை கேட்டுத் தலித் அமைப்புகளும் கட்சிகளும் குரல் கொடுத்தன.

அந்த எட்டுப் பேர் மறுத்தபோது நம் நண்பர்களிலேயே சிலர் கேட்டார்கள். "தப்பு செய்யலன்னா குடுத்துட்டுப் போகலாமே, அறிவியல் பொய் சொல்லுமா?" எங்களிடம் அன்று சரியான பதில் இல்லை. இன்று இருக்கிறது. டி.என்.ஏ. பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் யாருடைய டி.என்.ஏ.வை முதலில் கேட்பது, எதோடு ஒப்பிடுவது, பொருந்தாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை டி.என்.ஏ. முடிவு செய்வதில்லை. அதிகாரம் முடிவு செய்கிறது. அந்த எட்டுப் பேர் முடியாது என்று சொன்னது அறிவியலைப் பார்த்து அல்ல. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி காவல்துறை எடுக்கும் உடல் அளவுகளையும் மாதிரி விவரங்களையும் 75 ஆண்டு வைத்திருக்கலாம். டி.என்.ஏ. தகவலுக்கென்று கொண்டுவந்த தனி மசோதாவை 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இந்த நாட்டில் ரத்தம் கொடுக்கும் தலித்துக்கு இதெல்லாம் மனதில் ஓடாதா?

வேங்கைவயலையும் எங்கள் மருத்துவ முகாமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் தவறு எங்களுக்கே புரிந்தது. வேங்கைவயலில் மக்கள் மறுக்க முடிந்தது, ஏனென்றால் கேட்டது போலீஸ். பூந்தமல்லியில் மக்களால் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் கூட நின்றது நாங்கள். எங்கள் முகத்துக்காகக் கொடுத்தார்கள். பல வருடம் பாடம் சொல்லிக் கொடுத்து, போராட்டத்தில் கூட நின்று சேர்த்த நம்பிக்கையை, படித்துக்கூடப் பார்க்காத நான்கு பக்கத் தாளுக்காகச் செலவழித்துவிட்டோம். அதற்குத் தோழமை என்று பெயர் வைத்திருந்தோம்.

2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான், இன்று பரவலாகப் போடுகிறார்கள். தவறு கையெழுத்தில் இருந்தது. அந்தக் காப்பாளர்களும் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள், எங்களைப் போல.

அமெரிக்காவில் அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990இல் தொடங்கி, நீரிழிவு ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். 2003இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட உரையைக் கேட்கப்போன அந்தச் சமூகத்துப் பெண், தங்கள் ரத்தம் வேறு எதற்கோ பயன்படுவதைக் கண்டு, அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். மனநோய், நெருங்கிய உறவு மணம், இடப்பெயர்வு என்று பலவற்றுக்கும் அதைப் பயன்படுத்தியது வெளியே வந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. கூட்டத்தில் எழுந்து கேட்க நம் ஆள் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். இந்தப் பெண் அப்படி உள்ளே போயிருப்பவள். அவளைத் தடுப்பது எங்கள் வேலை இல்லை என்று அதோடு முடிவானது.

அவளிடம் சொன்னோம். "உன்கூட வீடு வீடா வர மாட்டோம். காலனியில ஒரு கூட்டம் போடலாம். படிவத்தைத் தமிழ்ல எழுதிக் கொண்டு வா, எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிக்கலாம். அன்னிக்கு ரத்தம் எடுக்காத. ஒரு வாரம் விடு. வேணும்னு நினைக்கிறவங்க அவங்களே பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்." ஒவ்வொருவர் கையிலும் படிவத்தின் நகலும் மாதிரி எண்ணும் இருக்க வேண்டும். சாதியை எழுதுவதா வேண்டாமா என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்ய வேண்டும். வேறு ஆய்வுக்குப் பயன்படுத்த மறுபடி வந்து கேட்க வேண்டும். முடிவு எதுவானாலும் அதே காலனியில் வந்து சொல்ல வேண்டும். இதில் பெரும்பாலானவை நாங்கள் கண்டுபிடித்தவை அல்ல. புரியும் மொழியில் விளக்கம், படிவ நகல், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை எல்லாம் ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே இருக்கின்றன.

அவள் முகம் வாடிவிட்டது. "எங்க காலனிக்கே நான் வெளியாளா அண்ணா?" என்று கேட்டாள். எங்களுக்கும் வலித்தது. எங்களில் மூத்த தோழர்தான் சொன்னார். "இல்லம்மா. உன்னை நம்புறாங்கன்றதாலதான் உனக்குப் பொறுப்பு ஜாஸ்தி."

கைடு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, நாள் இல்லை என்றார். வேறு ஆய்வுக்கு மறுபடி வந்து கேட்பது என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, புராஜெக்ட் முடிந்ததும் மாதிரிகளை அழித்துவிடுவதாக எழுதிக் கொடுத்தார். அதையும் கூட்டத்தில் அப்படியே சொன்னோம். அறுபது பேர் கிடைக்கவில்லை. 34 பேர் வந்தார்கள். அவள் அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

பூந்தமல்லி ஆயாவையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம், நடந்ததை அவரே சொல்லட்டும் என்று. அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். மன்னிப்பும் கேட்டோம். கூட்டம் முடிந்ததும் இந்தப் பெண் அவரிடம், "ஆயா, நீங்களும் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். ஆயா சிரித்துக்கொண்டே, "எனக்கு வேணாம்மா. நீ நல்லாப் படி" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் முகத்துக்காக அன்று கொடுத்தவர், இன்று எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் நாங்கள் உருப்படியாகச் செய்த காரியங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

தோழர்களே, உங்களில் பலர் உயிரியலும் மருத்துவமும் சமூகப்பணியும் படிக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் கையிலும் ஒரு படிவம் இருக்கும், அல்லது படிவத்தோடு வருபவர் உங்களைத் துணைக்குக் கூப்பிடுவார். போங்கள். ஆனால் போவதற்கு முன் அந்தத் தாளை முழுதாகப் படியுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் நம் ஆயாவால் "வேணாம்" என்று சொல்ல முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள். முடியாது என்று தோன்றினால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

ஜெய் பீம்.